கணமும் தாக்கும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இயல், இசை, நாடகம் மூன்றும் கொலுவீற்றிருக்கும் மேடையில் பௌதிகத்துக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். செயலாளர் அவர்கள் என் இல்லம் தேடி வந்தபோது நானும் அதையே கேட்டேன். "இலக்கியம் பேசுவதற்கு அறிஞர் பலர் உளர். தாங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதில் ஒன்றைப் பெற்றோருக்கும் சொல்லுங்கள்" என்றார் அவர். ஆதலின் ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஒன்றையே எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கின்றேன். இப்பாடம் தேர்வோடு முடிந்துபோவதன்று. நாளைக் காலை நீங்கள் வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும் அந்த நேரத்திலேயே தேவைப்படுவது.

பாடத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. முதற்சொல் உந்தம். உந்துதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஓடுகின்ற பொருள் ஒவ்வொன்றும் தன்னைத் தடுப்பவரை உந்தும் தன்மை உடையது. ஒரே வேகத்தில் எலுமிச்சம்பழம் ஒன்றும் தேங்காய் ஒன்றும் நம்மை நோக்கி வருமாயின், நாம் எதற்கு அஞ்சி விலகுவோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறே ஒரே தேங்காய் மெல்ல உருண்டு வருவதற்கும் மரத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கும் உள்ள வேற்றுமையும் நாம் அறிந்ததே. பொருளின் நிறையையும் அதன் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதே உந்தம்.

இரண்டாம் சொல் கணத்தாக்கு. தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் இச்சொல்லைக் கண்டு நான் பலமுறை வியந்ததுண்டு. கணம் என்பது காலம். தாக்கு என்பது விசை. ஒரு பொருளின்மீது எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் செயற்பட்டது என்று கண்டு, அவ்விரண்டையும் பெருக்குவதே கணத்தாக்கு. சூத்திரம் பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. பெயரை மறவாத பிள்ளை சூத்திரத்தை மறக்க மாட்டான்.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவை 1687ஆம் ஆண்டில் நியூட்டன் தம் பெருநூலில் இரண்டாம் விதியாக எழுதி வைத்தார். விசை என்பது நிறையும் முடுக்கமும் சேர்ந்த பெருக்கம் என்று நாம் மனப்பாடம் செய்கின்றோம். நியூட்டன் அவ்வாறு எழுதவில்லை. இயக்கத்தில் நேரும் மாற்றத்தையே அவர் பேசினார். அதனை நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு பொருளின் உந்தம் எவ்வளவு மாறுகின்றதோ அவ்வளவே அதன்மீது செயற்பட்ட கணத்தாக்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓடிவரும் பொருளை நிறுத்த வேண்டுமாயின் அதன் உந்தம் முழுவதையும் போக்கியாக வேண்டும். அந்தக் கடன் நிலையானது. அதில் தள்ளுபடி இல்லை. ஆனால் அக்கடனை எவ்வளவு நேரத்தில் தீர்ப்பது என்பதை மட்டும் ஓரளவு நாமே முடிவு செய்யலாம். நேரத்தைப் பத்து மடங்காக நீட்டினால் சராசரி விசை பத்தில் ஒன்றாகக் குறையும். நேரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் விசை பத்து மடங்காகும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

இளைஞர்களுக்காகக் கிரிக்கெட் ஆட்டத்திலிருந்து ஒரு கணக்கு. பந்தின் நிறை ஏறத்தாழ 160 கிராம். அது வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் உந்தம் 4.8 அலகு. கையை விறைப்பாக நீட்டி, வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் அதனை நிறுத்தினால் கையில் விழும் விசை 480 நியூட்டன். ஒரு கிலோகிராம் பொருளைக் கையில் தாங்குவதற்கு ஏறத்தாழ 10 நியூட்டன் விசை வேண்டும். ஆகவே 480 நியூட்டன் என்பது 48 கிலோகிராம் மூட்டை ஒன்று உள்ளங்கையில் விழுந்ததற்கு ஒப்பு. அதே பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்து, வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொண்டால் விசை 48 நியூட்டனே. ஐந்து கிலோ அரிசிப் பையின் பாரம்கூட இல்லை. பந்தும் அதே பந்து. வேகமும் அதே வேகம்.

இந்த உண்மையைத் தாய்மார்கள் நியூட்டனுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்றால் மிகையாகாது. சேலத்து மாம்பழத்தைக் கூடையில் அடுக்கும்போது இடையிடையே வைக்கோலைப் பரப்புவது எதற்காக? கூடை குலுங்கும்போது பழம் சட்டென்று நில்லாமல் மெல்ல நிற்பதற்காக. மதிலிலிருந்து குதிக்கும் சிறுவன் முழங்காலை மடக்கிக்கொண்டு குதிப்பதும் இதற்காகவே. அவனுக்கு அதனை யாரும் கற்பிக்கவில்லை. அவனுடைய கால்கள் அறிந்திருக்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. விசை பெருக வேண்டும் என்று நாம் விரும்பும் இடங்களில் நேரத்தைக் குறுக்குகின்றோம். சுத்தியல் தலையை இரும்பால் செய்கின்றோம். அது ஆணியின்மேல் பட்டவுடன் நிற்கின்றது. அந்தச் சிறு நேரத்தில் தன் உந்தம் முழுவதையும் ஆணிக்கு அளித்துவிடுகின்றது. ஆணியின்மேல் தலையணையை வைத்து அடித்தால் எத்தனை முறை ஓங்கினாலும் ஆணி இறங்காது. நம் ஆலையில் சம்மட்டிப் பொறியருகே பணிபுரியும் அன்பர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. சுத்தியலும் வைக்கோலும் ஒரே விதியின் இரு பயன்கள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாம் ஏறும் ரயில்வண்டியையும் சற்றே எண்ணிப் பாருங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கு நெடுங்காலம் கட்டப்பட்ட பெட்டிகளின் இரு கோடிகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக வட்டத் தட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பஃபர் என்பர். எஞ்சின் வந்து இணையும்போது அத்தட்டுகள் உள்ளே அமுங்கி, மோதலின் நேரத்தை நீட்டும். அவை இல்லையேல், பின்னிரவில் எஞ்சின் மாற்றும் நிலையத்தில் மேற்படுக்கையில் உறங்குபவர் கீழே வந்திருப்பார். அவ்வகைப் பெட்டி கட்டும் பணி அங்கு 2018ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இப்பொழுது கட்டப்படும் பெட்டிகளில் நடுவிலுள்ள இணைப்பியே அந்த வேலையையும் செய்கின்றது. உறுப்பு மாறியது, விதி மாறவில்லை.

மனித உடல் எத்துணைக் கடுமையான நிறுத்தத்தைத் தாங்கும் என்று அறியத் தம் உடலையே சோதனைப் பொருளாக்கிய ஒருவரை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், நியூ மெக்சிகோ மாநிலத்து ஹாலமன் தளத்தில், தண்டவாளத்தின்மேல் ராக்கெட்டுகள் தள்ளும் வண்டி ஒன்றில் வார்களால் இறுகக் கட்டப்பட்டு அவர் அமர்ந்தார். வண்டி மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. பின்னர் 1.4 வினாடியில் நின்றது. தம் எடையைப்போல் சராசரியாக 20 மடங்கு விசையையும், உச்சக் கணத்தில் 46 மடங்கு விசையையும் அவர் உடல் தாங்கியது. கண்களில் குருதி கட்டிச் சிறிது நேரம் பார்வை இழந்தார், ஆயினும் மீண்டார். 1999ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில்தான் மறைந்தார். அவரைக் காத்தவை இரண்டு: நிறுத்தத்துக்குக் கிடைத்த அந்த 1.4 வினாடி; வண்டியோடு அவரைப் பிணைத்திருந்த வார்கள். நம் வண்டிகள் மோதும் வேகம் மிகக் குறைவு. எனினும் அவருக்குக் கிடைத்த நேரத்தில் மிகச் சிறு பங்கே நமக்குக் கிடைக்கின்றது.

இனி நம் காலனித் தெருவுக்கு வருகின்றேன்.

ஆலைக்குள் தலைக்கவசம் இன்றி யாரும் அடி எடுத்து வைப்பதில்லை. ஆனால் மாலையில் சந்தைக்குச் செல்லும்போது ஸ்கூட்டர் கண்ணாடியில் தலைக்கவசம் தொங்குகின்றது. கேட்டால், "காலனிக்குள் மெதுவாகத்தானே போகிறோம்?" என்பார்கள். பௌதிகம் இதற்குச் சொல்லும் விடை சற்றுக் கடுமையானது. வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்திலாவது இருக்கும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அவர் பக்கவாட்டில் சாய்ந்து, தலை தடையின்றித் தரையில் விழுமாயின், அது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். இந்த வேகத்தைத் தருவது வண்டியன்று, பூமி. நாம் மெதுவாகச் செல்கின்றோம் என்பதற்காகப் பூமி மெதுவாக இழுப்பதில்லை.

தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். ஆகவே போக்க வேண்டிய உந்தம் 25 அலகு. வெறும் மண்டை தார்ச்சாலையில் மோதி, வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்தில் நிற்பதாகக் கொண்டால் விசை 12,500 நியூட்டன். ஒன்றேகால் டன் பாரம் அந்தக் கணத்தில் மண்டையின்மேல் நிற்பதற்கு ஒப்பு. தலைக்கவசத்தின் உள்ளே தெர்மகோலைப் போன்ற ஒரு பஞ்சணை இருக்கின்றது. அது இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுக்குமாயின், நிற்கும் நேரம் ஆயிரத்தில் பத்துப் பங்காக நீளும். விசை 2,500 நியூட்டனாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு! உயிருக்கும் இறப்புக்கும் இடையிலுள்ள தூரம் பலமுறை இந்த ஆயிரத்தில் எட்டுப் பங்கு வினாடியே.

பலர் தலைக்கவசம் காப்பது அதன் வெளி ஓட்டால் என்று எண்ணுகின்றனர். ஓடு கூரிய கல்லைத் தடுக்கும்; விசையைப் பரப்பும். நேரத்தை ஈட்டித் தருவது உள்ளிருக்கும் அந்த மென்பொருளே. ஆதலின் ஓடு மட்டும் பளபளக்கும் சாலையோரக் கவசத்தை மலிவு என்று வாங்குதல் வீண். இருசக்கர வண்டித் தலைக்கவசங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். தாடைவாரையும் பூட்டுங்கள், வார் பூட்டாத கவசம் தலைக்கு முன்பே தரையை அடைந்துவிடும்.

இந்த அறிவு ஒரு மரணத்தின் வழியே உலகுக்கு வந்தது. அரேபியப் பாலைவனப் போரில் புகழ்பெற்ற ஆங்கிலேயர் டி. இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைக் காக்க முயன்ற மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அவர் அத்தோல்வியை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் படையில் மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. ஒருவரைக் காக்க இயலாத கைகள் பின்னர்ப் பல்லாயிரவரைக் காத்தன.

என் குறை ஒன்றையும் இம்மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பாடத்தை நடத்திய நானே, தலைக்கவசத்தை வண்டியில் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்குச் சென்று வந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், கணத்தாக்கு தலைக்கா, கண்ணாடிக்கா?" என்று கேட்டாள். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் முதல் அணியத் தொடங்கினேன், வெட்கத்தால், அறிவால் அன்று.

அதற்கடுத்த குளிர்காலத்தில், மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில், குறுக்கே வந்த நாய்க்கு விலகி விழுந்தேன். மெதுவாகவே சென்றேன். இடக்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். தலைக்கு ஒன்றும் நேரவில்லை. இதோ, என் கையில் உள்ளது அந்தத் தலைக்கவசம். வெளியே ஒரு கீறல்தான் தெரிகின்றது. உள்ளே பின்பக்கத்தில் என் கட்டைவிரல் அமரும் அளவு பள்ளம் விழுந்திருக்கின்றது. ஒருமுறை நசுங்கிய கவசம் மறுமுறை உதவாது. ஆதலின் புதிது வாங்கிவிட்டேன். இதனை வகுப்பில் காட்டுவதற்கென்று வைத்திருக்கின்றேன். விழா முடிந்ததும் குழந்தைகள் வந்து இப்பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கலாம். அம்மாணவி கேளாதிருந்தால் இப்பள்ளம் எங்கு விழுந்திருக்கும் என்று நான் எண்ணாத நாளில்லை.

இறுதியாகத் தாய்மார்களுக்கு ஒன்று.

காரில் செல்லும்போது கைக்குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று நினைக்கின்றோம். குழந்தை 10 கிலோகிராம். கார் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்கின்றது என்று கொள்வோம். எதிரே எதிலோ மோதி, வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கார் நிற்கின்றது. குழந்தையின் உந்தம் 150 அலகு. அதனை நிறுத்த வேண்டிய விசை 1,500 நியூட்டன். 150 கிலோகிராம் எடையைத் திடீரென்று இரு கைகளால் தாங்க வல்ல தாய் யார்? அன்புக்கு எல்லை இல்லை. கையின் வலிமைக்கு எல்லை உண்டு. பிடி நழுவிய குழந்தை அதே 15 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். காற்றுப்பை விரியுமாயின், அது குழந்தைக்குத் துணை அன்று; பகை. குழந்தைக்கு உரிய இடம் பின்னிருக்கையில் வாரிட்டுக் கட்டிய தனி இருக்கையே.

பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். மோதலில் காரின் முன்பகுதி நசுங்குவதைக் கண்டு, "இக்காலத்து வண்டிகள் தகரம்" என்று குறை சொல்கின்றோம். அது நசுங்குவதாலேயே நிற்கும் நேரம் நீளுகின்றது. இருக்கைவார் அணிந்தவர் அந்த நேரத்தில் பங்கு பெறுகின்றார். அணியாதவருக்கு அப்பங்கு இல்லை. கார் நின்ற பின்னும் அவர் ஓடிக்கொண்டிருக்கின்றார், கண்ணாடியோ முன்னிருக்கையோ தடுக்கும்வரை. தோளையும் இடையையும் ஒருசேரப் பிணைக்கும் மும்முனை வாரை 1959ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் அமைத்தார். அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. உலகுக்கு இலவசமாகக் கிடைத்த அவ்வாரை இருக்கைக்குப் பின்னால் பூட்டிவிட்டு, எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்தும் நம் வழக்கத்தை என்னென்பது!

சட்டமும் இவற்றைச் சொல்கின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், நான்கு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் இருசக்கர வண்டியில் தலைக்கவசத்தை விதிக்கின்றது. ஓட்டுபவருக்கு மட்டுமன்று, பின்னால் அமர்பவருக்கும்தான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்லும்போது ஓட்டுபவரோடு பிணைக்கும் வாரும், குழந்தைக்கு ஏற்ற தலைக்கவசமும் வேண்டும் என்றும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் 2022ஆம் ஆண்டில் விதி வகுக்கப்பட்டது. ஆனால் காவலர் நிற்கும் நாற்சந்தியில் அணிந்து, அவரைக் கடந்ததும் கழற்றுவோரை நான் கண்டிருக்கின்றேன். காவலரை ஏய்க்கலாம், உந்தத்தை ஏய்க்க இயலாது. அது எந்தச் சந்தியிலும் கையூட்டு வாங்குவதில்லை.

அன்பர்களே, ஊரையும் உறவையும் விட்டு ஆயிரம் மைல் கடந்து வந்து வாழ்கின்றோம். இங்கு ஒருவருக்கு இடர் நேர்ந்தால் ஓடிவர அக்காள் வீடோ மாமன் வீடோ அடுத்த தெருவில் இல்லை. நாமே ஒருவர்க்கொருவர் உறவு. ஆகவே உரிமையோடு ஒன்று கேட்கின்றேன். இன்றிரவு விழா முடிந்து வண்டியை எடுக்கும்போது, அருகில் நிற்பவரின் தலைக்கவசம் எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். கண்ணாடியில் தொங்கினால் என் மாணவி கேட்ட அதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு அணிந்துகொண்டால் அது போதும்.

 குழந்தைகள் காத்திருக்கும் நாடகம் இனித் தொடங்கட்டும். வாழ்க தமிழ், வளர்க நம் சங்கம்.